கேட்கப்படாத கேள்வி

என் அக்காவின் தகரப் பெட்டியில் மூன்று காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்று, மகனுடைய திருமுழுக்குச் சான்றிதழ். மற்றொன்று, மானாவாரி நிலத்தின் பத்திர நகல். மூன்றாவது, நான்காக மடிக்கப்பட்ட ஒரு மருத்துவ அறிக்கை. முதல் இரண்டையும் ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்ப்பதே அரிது. மூன்றாவதை மட்டும் அவ்வப்போது எடுத்து, எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க இயலாத அந்த ஆங்கில வரிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மீண்டும் மடித்து வைப்பாள். நோயைச் சொல்லும் காகிதத்தை ஒருவர் நகையைப் போலக் காப்பது விந்தையாகத் தோன்றலாம். அதன் காரணத்தைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன். அதில் என் குற்றமும் இருப்பதால், எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு அருகில் ஒரு சிற்றூர். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், மேற்கே பச்சைமலை நீலக்கோடாய்த் தெரியும் பூமி. கரிசல் மண். பருத்தியும் மக்காச்சோளமும்தான் எங்கள் வாழ்வு. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதிலிருந்தே இம்மண்ணின் இயல்பை அறியலாம். அன்று இது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு மூலை. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான்.

1988ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அக்காவுக்கு அப்போது வயது 24. அடைமழை. நள்ளிரவில் வலி கண்டது. மருத்துவச்சிப் பாட்டியை அழைத்துவந்தார்கள். ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை. இரத்தம் நிற்கவில்லை. பழந்துணிகள் தீர்ந்து, கோணிச் சாக்கை விரித்தார்கள் என்று என் தாயார் பின்னொரு நாள் சொன்னார். விடியற்காலை மழை சற்று ஓய்ந்தபின், மாட்டுவண்டியில் சாலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு லாரியில் ஏற்றிப் பெரம்பலூர் கொண்டுசென்றார்கள். அக்கா பிழைத்தாள். ‘மறுபிறவி’ என்று ஊரே சொன்னது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம்.

பிழைத்துவிட்டாள் என்பதோடு கதை முடிந்துவிட்டதாகவே அனைவரும் எண்ணினோம். உண்மையில் அன்றிரவு அவளுடைய தலைக்குள், பட்டாணி அளவேயான ஓர் உறுப்பு ஓசையின்றி இறந்துகொண்டிருந்தது. அதை அறிய எங்களுக்கு 28 ஆண்டுகள் தேவைப்பட்டன.

குழந்தை பக்கத்து வீட்டுத் தாயின் பாலிலும் பசும்பாலிலும் வளர்ந்தது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் அப்படி என்று மட்டும் எனக்குச் சொல்லப்பட்டது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தவன். பெண்கள் பேசும் பேச்சில் தலையிடுவதில்லை. அதன்பின் அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. ‘ஒன்றே கடவுள் கொடுத்தது’ என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் அக்கா மாறிப்போனாள். பருத்தி எடுப்பதில் ஊரிலேயே அவளுக்கு இணையில்லை என்றிருந்தவள், இரண்டு பாத்தி நகர்வதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பாள். முகம் வெளுத்து, மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, முப்பது வயதிலேயே முதுமை தட்டியது. புருவமயிர் உதிர்ந்தது. கேட்ட கேள்விக்கு விடை சொல்லவே நேரம் பிடிக்கும். நற்செய்தி வாசிக்கையில் ஆலயத்தில் அனைவரும் நிற்க, அவள் மட்டும் சுவரோரம் தரையில் அமர்ந்திருப்பாள். அவளுடைய மாமியார் வாய் சும்மா இருக்கவில்லை. “பெத்தது ஒண்ணு, அதுக்கே பத்து வருசம் படுத்துக் கெடக்குறா” என்பது அந்த வீட்டின் பழமொழியாயிற்று.

மாமியாரை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, விருந்தினர் நிறைந்த வீட்டில் அவள் மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். “எழுந்திரு அக்கா, உலகத்தில் பிள்ளை பெற்றவள் நீ ஒருத்திதானா? சோம்பலுக்கும் ஓர் அளவு வேண்டாமா?” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். ஆசிரியன் அல்லவா, குரலும் உயர்ந்தே வந்தது. அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். இன்றும் என் செவியில் அந்தச் சொல் இருக்கிறது. சொன்னவன் செவியிலேயே இருக்குமானால், கேட்டவள் நெஞ்சில் எப்படி இருந்திருக்கும்!

ஆண்டுக்கு ஓரிரு முறை காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அக்கா மயங்கி விழுவாள். மருத்துவமனையில் சேர்த்து, பாட்டில் ஏற்றினால் நான்கு நாளில் எழுந்து உட்காருவாள். ‘இரத்தசோகை’ என்று இரும்புச்சத்து டானிக் எழுதினார்கள். ‘பலவீனம்’ என்று ஊசி போட்டார்கள். ஒருவர் ‘மனச்சோர்வு’ என்று சொல்லி மாத்திரை தந்தார். ஒவ்வொன்றும் ஓரளவு உண்மைதான். ஆயின் எதுவும் முழு உண்மையன்று.

2016ஆம் ஆண்டு கார்த்திகையில் வந்த காய்ச்சல் வேறுவிதமாக இருந்தது. அக்கா ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினாள். என்னைப் பார்த்து, இறந்துபோன எங்கள் தந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தாள். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு 135க்கும் 145க்கும் இடையே இருக்கவேண்டும்; அவளுக்கு 116 இருந்தது. உப்புநீர் ஏற்றினார்கள். மெல்ல நினைவு திரும்பியது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புகையில் மருத்துவர் சொன்னார்: “சாப்பாட்டில் உப்புக் கொஞ்சம் கூடுதலாய்ச் சேர்த்துக்கொள்ளட்டும்.”

“உப்பு ஏன் குறைந்தது ஐயா?” என்று கேட்டேன்.

“காய்ச்சல், சாப்பிடாமை. வயதாகிறது அல்லவா?”

“இதற்கு முன்னும் நான்கைந்து முறை இப்படி வந்திருக்கிறது. தைராய்டு ஏதேனும் இருக்குமோ?”

அவர் தாளைப் புரட்டிக் காட்டினார். “டி.எஸ்.எச். பார்த்துவிட்டோம் சார். எல்லாம் நார்மல்.”

‘எல்லாம் நார்மல்.’ ஏழை எளியவர் மருத்துவமனை வாயிலில் கேட்க விரும்பும் சொல் இதுதான். ஆனால் நோய் தீராதவருக்கு இதைவிடக் கொடிய சொல் வேறில்லை. ஏனெனில் இதற்குப்பின் நோயாளி பேசுவதெல்லாம் கற்பனையாகிவிடுகிறது. நான் அந்த மருத்துவரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய அறைக்கு வெளியே அன்று நூறு பேர் காத்திருந்தார்கள். நானே 25 ஆண்டுகள் அவளைத் தவறாகக் கணித்தவன். ஐந்து நாள் பார்த்தவரை எப்படிப் பழிப்பது?

ஆயினும் மனம் அமைதியடையவில்லை. பள்ளிக்குத் திரும்பிய அன்று, உடன் பணியாற்றிய உயிரியல் ஆசிரியரிடம் தாள்களைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரு விளக்கம் சொன்னார். இன்றும் அதைவிட எளிதாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

“நம் கழுத்தில் உள்ள தைராய்டு ஒரு வகுப்பாசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிதான் தலைமையாசிரியர். வகுப்பாசிரியர் சோம்பினால், தலைமையாசிரியர் சத்தம் போடுவார். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.எச். தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச். உயரும், நாம் சத்தத்தை அளந்து நோயைக் கண்டுபிடிக்கிறோம். ஆனால் தலைமையாசிரியரே நாற்காலியில் மயங்கிக் கிடந்தால்? சத்தமே இராது. வெளியில் நிற்பவர், பள்ளி ஒழுங்காய் நடக்கிறது என்றுதானே நினைப்பார்? டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது. தைராய்டு ஹார்மோனையும், காலை வேளைக் கார்ட்டிசாலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.”

பழைய பாடநூல்களில் பிட்யூட்டரியைக் ‘கபச் சுரப்பி’ என்று நாம் படித்திருக்கிறோம். மூளையில் சேரும் சளி இதன் வழியே மூக்குக்கு வடிகிறது என்று பண்டைய மருத்துவர் நம்பியதால் வந்த பெயர் அது. சளி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே பிட்யூட்டரி என்பதன் வேர். ஆக, அதன் பெயரே ஒரு தவறான கணிப்பு! அரைக் கிராம் அளவு எடையுள்ள அந்தச் சுரப்பி, எலும்பில் குதிரைச் சேணம் போன்ற ஒரு சிறு குழியில் அமர்ந்துகொண்டு, தைராய்டையும், சிறுநீரகத்தின்மேல் உள்ள அட்ரினல் சுரப்பியையும், பெண்ணின் சூலகத்தையும், தாய்ப்பாலையும், பிள்ளையின் வளர்ச்சியையும் ஆள்கிறது.

மேலும் சோதிக்கவேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. “போதும்டா தம்பி, இனி எனக்கு என்ன இருக்கு? உன் பணத்தைக் கரியாக்காத” என்றாள் அக்கா. மாமாவோ, “நார்மல்னு சொன்னப்புறம் நோயைத் தேடிப் போவாங்களா மச்சான்?” என்றார். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. சோதனை என்ற பெயரில் கைக்காசு இழந்த குடும்பங்களை நான் அறிவேன். ஆனால், நோயைத் தேடிப் போவது வேறு. இருக்கும் நோய்க்குப் பெயர் தேடிப் போவது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் அவளை வேலூருக்குப் பேருந்தேற்றினேன்.

வேலூரில் அரைநாள் காத்திருந்தபின் ஓர் இளம் பெண் மருத்துவர் எங்களை அழைத்தார். தாள்களைப் பார்த்தார், பின் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ஒரு பையன்தாங்க டாக்டரம்மா.”

“பிரசவம் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?”

“வீட்டுலதாங்க.”

“ரத்தம் நிறைய போச்சா?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆம் என்றாள்.

“குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தீங்களாம்மா? பால் சுரந்துச்சா?”

அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அக்கா அழத்தொடங்கினாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பால் சுரக்கவே இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. மார் கட்டவுமில்லை. பூண்டும் கருவாடும் சமைத்துப் போட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. ‘பாலில்லாத மார்’ என்று மாமியார் சொன்ன சொல்லை அவள் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். அதன்பின் மாதவிலக்கு ஒரு முறையும் வரவில்லை. 24 வயதில் நின்றுபோனதை வெட்கத்தால் மறைத்தாள். இத்தனையும் அந்த அறையில்தான் நான் முதன்முதலாக அறிந்தேன். 28 ஆண்டுகள் பல கைகள் அவள் நாடியைப் பிடித்திருக்கின்றன. பல ஊசிகள் அவள் இரத்தத்தை எடுத்திருக்கின்றன. காசில்லாமல் கேட்கக்கூடிய இந்த ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கூடப் பிறந்த நானும் கேட்கவில்லை.

பின்னர் சோதனைகள் முறையாக நடந்தன. தைராய்டு ஹார்மோன் தாழ்ந்திருந்தது, டி.எஸ்.எச். மட்டும் முன்போலவே ‘நார்மல்’. காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் மிகமிகக் குறைவு. அந்த வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றபின் இயல்பாக உயர்ந்திருக்கவேண்டிய பிட்யூட்டரி ஹார்மோன்களும் கீழே கிடந்தன. இறுதியாக எம்.ஆர்.ஐ. படம். மருத்துவர் அதைத் திரையில் காட்டி, சுரப்பி இருக்கவேண்டிய குழி ஏறக்குறைய வெறுமையாக இருப்பதைச் சுட்டினார். சேணம் இருந்தது, சவாரி செய்தவர் இல்லை.

நோயின் பெயர் ஷீஹன் நோய்க்குறி. ஹெரால்டு ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரசவத்தில் இறந்த தாய்மாரின் உடல்களை ஆராய்ந்து, 1937இல் இதனை விளக்கி எழுதினார். கருவுற்ற காலத்தில், பால் சுரப்புக்கு ஆயத்தமாகப் பிட்யூட்டரி பருக்கிறது. ஆனால் அதற்கு வரும் இரத்தம் அதே அளவுக்குப் பெருகுவதில்லை. அந்நிலையில் பிரசவத்தின்போது பேரளவு இரத்தம் வெளியேறி இரத்தஅழுத்தம் சரிந்தால், அச்சுரப்பி இரத்தமின்றி மடிகிறது. முதல் அடையாளம் பால் சுரவாமை. அடுத்தது மாதவிலக்கு நிற்றல். பின்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் களைப்பும், குளிரும், மயக்கமும். கார்ட்டிசாலும் தைராய்டும் குறைந்த உடல் நீரை வெளியேற்ற இயலாமல் தேக்கிக்கொள்கிறது. அதனால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. எனவேதான் சோற்றில் எத்தனை உப்புப் போட்டும் பயனில்லாமற் போயிற்று.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயமன்று. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ஊர்களுக்கே சென்று ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில், பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள். பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய், பிரசவத்தின்போது உதவி கிட்டாத நாடுகளில் இன்னும் மறையவில்லை. அறிவியல் பெயர் எதுவாயினும், இதன் இயற்பெயர் வறுமையும் தொலைவுமே.

வேலூரில் காத்திருந்த வேளையில், அந்த ஊரின் வரலாறு நினைவில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் மிஷனரிகளான பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம், ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். தந்தை மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அவ்விரவே அவரை மருத்துவராக்கியது. 1900இல் வேலூரில் அவர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. துறவறச் சகோதரிகள் பேறுகாலப் பணி செய்யக்கூடாது என்ற தடை நெடுங்காலம் இருந்தது. ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும், பின்னர் அன்னை அன்னா டெங்கலும் இந்தியத் தாய்மாரின் நிலையைச் சொல்லிச் சொல்லி வற்புறுத்தினர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920இல் குண்டூருக்கு வந்த அருள்சகோதரி மேரி குளோரி தனி அனுமதி பெற்று மருத்துவப் பணி புரிந்தார். இறுதியில் 1936இல் உரோமை அந்தத் தடையை நீக்கிச் சகோதரிகளை அப்பணிக்கு ஊக்குவித்தது. அத்தனை முயற்சிகளும் நடந்து அரை நூற்றாண்டு கடந்தபின்பும், 1988இன் அந்த மழையிரவில் எங்கள் ஊருக்கு எவரும் வந்து சேரவில்லை. சாலை இல்லை, வண்டி இல்லை, அவ்வளவுதான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2008இல் தமிழகத்தில் 108 ஊர்தி வந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இனிவரும் தாய்மாருக்கு இந்நோய் அரிதாகும் என்பது பெரும் ஆறுதல். ஆனால் அன்று வீட்டில் பிள்ளை பெற்றுப் பிழைத்தவர்கள் இன்றும் நம்மிடையே 50, 60, 70 வயதினராய் வாழ்கிறார்கள். அவர்களை நினைத்தே இவற்றை விரித்துச் சொல்கிறேன்.

சிகிச்சை எளிமையானது, ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை; உடல் அதற்குப் பழகியபின்பே தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தைராய்டு மாத்திரை உடலை முடுக்கிவிடும். முடுக்கத்தைத் தாங்கும் கார்ட்டிசால் இல்லையெனில் நோயாளி சரிந்துவிடுவார். எனவே யாரோ சொன்னார்கள் என்று தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவது கூடாது.

பத்தாம் நாள் காலை அக்கா என்னிடம், “தம்பி, எனக்குப் பசிக்குதுடா” என்றாள். உங்களுக்கு இது சாதாரண வாக்கியமாகத் தோன்றலாம். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மாதத்தில் போர்வையை மடித்து வைத்தாள். தை மாதத்தில் காட்டுக்குப் போய் ஒரு மடிப் பருத்தி எடுத்து வந்து, வெற்றி பெற்றவள் போல் திண்ணையில் கொட்டினாள்.

ஆனால் எல்லாம் சுகமாய் முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில், ‘ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை அரித்துவிடும்’ என்று ஓர் உறவுப்பெண் அச்சுறுத்த, அக்கா மனம் குழம்பினாள். பெரிய வெள்ளியன்று ஒருசந்தி என்று சொல்லி, உணவோடு மாத்திரையையும் விட்டுவிட்டாள். சிலுவைப்பாதையின் எட்டாம் நிலையில் மயங்கி விழுந்தாள். நல்வேளை, மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. பெரம்பலூரில் அதைக் காட்டியவுடன் ஊசி போட்டார்கள், பிழைத்தாள். மறுநாள் பங்குத்தந்தை வந்து, “நோயாளிக்கு ஒருசந்திக் கடமை இல்லையம்மா. உங்களுக்கு அந்த மாத்திரை மருந்து மட்டுமல்ல, உடம்பு தானே சுரக்கவேண்டியதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறீர்கள்” என்றார். அளவாகக் கொடுக்கப்படும் இம்மாத்திரை இல்லாததை ஈடுசெய்கிறதேயன்றி மிகைப்படுத்துவதில்லை என்று மருத்துவரும் பின்னர் விளக்கினார். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. இவற்றை வீட்டுச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றி மாற்கு நற்செய்தி கூறுவது நாம் அறிந்ததே. மருத்துவர் பலரிடம் சென்று, உள்ளதையெல்லாம் செலவழித்தும் அவள் நிலை மோசமாயிற்று என்று மாற்கு வெளிப்படையாக எழுதுகிறார். மருத்துவராக இருந்தவரென மரபு கூறும் லூக்கா அதனைச் சற்று மென்மையாகச் சொல்கிறார் என்று விவிலிய அறிஞர் சுட்டுவர். நான் பல முறை வகுப்பில் இந்தப் பகுதியைச் சொல்லியிருக்கிறேன். ஆடையைத் தொட்டதும் குணமானதையே பெரிதாகச் சொல்லுவேன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. குணமானபின்னும் இயேசு அவளை விட்டுவிடவில்லை. அவசர வேலையாய்ப் போகிறவர், கூட்டம் நெருக்கும் தெருவில் நின்று, யார் என்று கேட்கிறார். அவள் முழு உண்மையையும் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அவள் உடலுக்கு வேண்டிய நலம் முன்பே கிடைத்துவிட்டது. அவளுக்கு வேறு எதுவோ இன்னும் தேவைப்பட்டது.

அது என்ன என்பதை அக்காதான் எனக்குக் காட்டினாள். வேலூரிலிருந்து திரும்பும் இரவுப் பேருந்தில், எல்லாரும் உறங்கியபின், என் தோளைத் தொட்டாள்.

“தம்பி, அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல படிச்சுச் சொல்லு.”

சொன்னேன். பிரசவத்தில் இரத்தம் போனதால் சுரப்பி பட்டுப்போயிற்று, அதனால் பால் இல்லை, அதனால் களைப்பு, அதனால் குளிர். ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தலையசைத்தாள். நெடுநேரம் சன்னலுக்கு வெளியே இருளைப் பார்த்திருந்தாள். பின்பு மெல்லக் கேட்டாள்:

“அப்போ நான் சோம்பேறி இல்லைதானேடா?”

நான் விடை சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை அப்போதும் குளிர்ந்துதான் இருந்தது. “அன்னைக்குக் கிறிஸ்மஸ் அன்று…” என்று தொடங்கினேன். “விடுடா, உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாதே” என்றாள்.

மன்னித்துவிட்டாள், ஆனால் இழந்த ஆண்டுகளை எவரும் அவளுக்குத் திருப்பித் தர இயலாது. பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகள், நடந்திருக்கக்கூடிய வரப்புகள், கேட்டிருக்கத் தேவையில்லாத சொற்கள். மாமியார் அந்த அறிக்கை வருமுன்பே இறந்துவிட்டார். ஒரு கல்லறைத் திருநாளன்று அக்கா அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோய், மாமியாரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, சற்றுநேரம் கையில் வைத்திருந்து, மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

களைத்தவர் அனைவருக்கும் பிட்யூட்டரி நோய் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. களைப்புக்கு ஆயிரம் காரணம் உண்டு. இது அவற்றுள் அரிதான ஒன்று. அச்சுரப்பியில் வேறு கோளாறுகளும் வரும். கட்டி வளர்ந்து கை கால் பருத்து, மோதிரமும் செருப்பும் சேராமற் போகலாம்; பக்கவாட்டுப் பார்வை மங்கலாம்; பிள்ளை பெறாதவருக்கும் பால் சுரக்கலாம். அக்கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோயல்ல. மருந்தாலோ அறுவையாலோ கட்டுப்படுத்தக்கூடியவை. தக்க மருத்துவரே இவற்றைப் பிரித்தறிய வல்லவர்.

ஆனால் நம் வீட்டு மூலையில், நம் ஆலயச் சுவரோரம், போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு தாய் அமர்ந்திருப்பாளாயின், அவளிடம் ஒரு கேள்வி கேட்க நமக்குப் பட்டம் வேண்டியதில்லை. பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போயிற்றா? பால் சுரந்ததா? அதன்பின் மாதவிலக்கு வந்ததா? அவள் தலைகுனிந்தால், அந்த மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதி, ‘நார்மல்’ என்ற அறிக்கையோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள். மேலும் சோதிக்கும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள்.

அக்காவுக்கு இப்போது அறுபது வயது கடந்துவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தால், பேத்தியை இடுப்பில் சுமந்துகொண்டு கோயிலுக்கு வருகிறாள். நற்செய்தி வாசிக்கும்போது இப்போது அவள் நிற்கிறாள். எனக்குத்தான் முழங்கால் வலி. சில ஞாயிறுகளில் நான் அமர்ந்துவிடுகிறேன். அவள் ஒருபோதும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.